பிளாக் எடிட்டர் டெம்ப்ளேட்: பூட்டு அருமை, பேட்டர்ன்தான் தலைவலி

கன்டென்ட் டீமுக்கு வேர்ட்பிரஸ் பிளாக் எடிட்டரில் (பத்தி, படம், பட்டன் என்று துண்டு துண்டாகப் பக்கத்தை அடுக்கும் இடம்) டெம்ப்ளேட், அதாவது தயார் பக்க வடிவம், போட்டுக் கொடுக்கலாமா, தனித்தனிப் பெட்டிகளில் விவரத்தை நிரப்பும் கஸ்டம் ஃபீல்டே போதுமா என்று நண்பர் கேட்டார். 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0-உடன் வந்த சமாச்சாரம், அடிப்படை தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன். நேராக எரிச்சலுக்கு வருகிறேன்: பேட்டர்ன், அதாவது பல பிளாக்குகளைச் சேர்த்துத் தயாராக வைத்திருக்கும் தொகுப்பு.

பேட்டர்னைப் பக்கத்தில் போட்ட நொடியே அது வெறும் நகல். தீமில் (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஃபைல் தொகுப்பு) இருக்கும் மூலத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. படம், தலைப்பு, பட்டன் உள்ள கார்டு 40 பக்கங்களில் ஏறிவிட்டது. இப்போது தலைப்பைப் படத்துக்கு மேலே கொண்டுபோகச் சொன்னால் 40 பக்கத்தையும் திறக்க வேண்டியதுதான். மூலத்தோடு இணைந்தே இருக்கும் 'சிங்க்' பேட்டர்ன் இருக்கிறதே என்பார்கள். அதில் எழுத்தும் சேர்ந்து எல்லா இடத்திலும் மாறும். 2024-இல் 6.6-உடன் வந்த ஓவர்ரைடு பாதி மானத்தைக் காப்பாற்றியது: உள் பிளாக்குக்குப் பெயர் வைத்து ஓவர்ரைடை இயக்கினால் வடிவம் பொது, வாசகம் அந்தந்தப் பக்கத்துக்கு. ஆனால் மூன்று கார்டு வரிசையில் நான்காவதைச் சேர்க்க வழி கிடையாது. டீமில் டிடாச் செய்வார்கள், அதாவது மூலத்தோடு உள்ள இணைப்பைத் துண்டிப்பார்கள். மறுபடி நகல்!

எனவே திரும்பத் திரும்ப வரும் துண்டுகளை டைனமிக் பிளாக்காக எழுதுங்கள். பதிவில் தலைப்பு, பட எண், சுட்டி போன்ற மதிப்புகள் மட்டும் இருக்கட்டும், ஹெச்டிஎம்எல்லை பிளாக்கின் ரெண்டர்.பிஹெச்பி ஃபைல் பக்கம் திறக்கும்போது உருவாக்கட்டும். ஒரு ஃபைலைத் திருத்தினால் 40 பக்கமும் மாறும். ஹெச்டிஎம்எல்லைப் பதிவிலேயே சேமித்துவைக்கும் ஸ்டாட்டிக் பிளாக்கில், அதை உருவாக்கும் சேவ் ஃபங்ஷனில் ஒரு கிளாஸ் பெயரை மாற்றிப் பாருங்கள்: தளத்தில் பழைய வடிவமே தெரியும், எடிட்டரில் திறந்தால் மட்டும் 'எதிர்பாராத உள்ளடக்கம்' என்று எச்சரிக்கும். பழைய சேவ் ஃபங்ஷனை 'டெப்ரிகேட்டட்' (பழைய வடிவங்கள்) பட்டியலில் சேர்க்க மறந்ததன் பலன் அது.

பூட்டைக் குறை சொல்ல மாட்டேன். பல பிளாக்குகளை அடக்கும் குரூப் பிளாக்கில் டெம்ப்ளேட்லாக் என்ற பூட்டின் மதிப்பை 'கன்டென்ட்ஒன்லி' என்று வைத்தால் எழுத்தையும் படத்தையும் மட்டும் தொடலாம். நகர்த்தவோ அழிக்கவோ முடியாது. தீமின் அமைப்பு ஃபைலான தீம்.ஜேசனில் கலர் பகுதியின் 'கஸ்டம்', 'டிஃபால்ட்பேலட்', டைப்போகிராஃபியின் 'கஸ்டம்ஃபான்ட்சைஸ்' மூன்றையும் ஃபால்ஸ் ஆக்குங்கள். கண்ணைக் குத்தும் சிவப்புத் தலைப்புகள் அன்றோடு ஒழியும். தளத்தின் டெம்ப்ளேட்டுகளையே திருத்தும் சைட் எடிட்டர் அனுமதியை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். அங்கே ஒருமுறை சேமித்த டெம்ப்ளேட் டேட்டாபேஸில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் தீம் ஃபைலில் என்ன மாற்றினாலும், ரீசெட் செய்யும்வரை தளத்தில் தெரியாது.

இத்தனை திட்டிய பிறகு ஃபீல்டே போதும் என்றுதான் சொல்ல வேண்டும். மனம் வரவில்லை. ஃபீல்டு பெட்டியில் தட்டும்போது தலைப்பு மூன்றாம் வரிக்கு வழிவது பிரிவியூ பார்க்கும்வரை தெரியாது. பிளாக் எடிட்டரில் தட்டும்போதே கண்ணில் பட்டு, எழுதுபவர்களே ஒரு சொல்லைக் குறைத்துவிடுகிறார்கள். பிளாக் எடிட்டரிலேயே போடுங்கள். பேட்டர்னை நம்பாமல்.