தொடர் ஓட்ட பேட்டன்: கடையில் எதைத் தடவிப் பார்ப்பது?

பள்ளி மைதானங்களில் பரவலாகப் பார்க்கும் பேட்டன் (தொடர் ஓட்டத்தில் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறும் குழாய்), பல நிறங்களில் தொகுப்பாக வரும் அலுமினியக் குழாய்தான். பயிற்சிக்குத் தாராளமாக வாங்கலாம். படத்தைப் பார்த்து ஆர்டர் போடுவதைவிடக் கடைக்குப் போய்க் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது.

முதலில் இரண்டு முனைகளிலும் விரலை ஓட்டுங்கள். விளிம்பை உள்பக்கம் மடித்திருந்தால் நல்ல சரக்கு. அறுத்து அப்படியே விட்டிருந்தால் பிசிறு நெருடும். முழு வேகத்தில் கை மாறும்போது உள்ளங்கையைக் கிழிப்பது அந்தப் பிசிறுதான்.

அடுத்தது தகட்டின் தடிமன். விதிப்படி நீளம் 28 முதல் 30 செ.மீ., வெளிவிட்டம் 40 மி.மீ. (2 மி.மீ. கூடலாம், குறையலாம்), எடை 50 கிராமுக்குக் குறையக் கூடாது. 29 செ.மீ. குழாயை அரை மி.மீ. தகட்டில் செய்தால் 48 கிராம் சொச்சம்தான் தேறும். விதிக்கும் ஆகாது, இரண்டு முறை தரையில் விழுந்தால் நசுங்கி முட்டை வடிவமாகிவிடும். ஒரு மி.மீ. தகடு என்றால் சுமார் 96 கிராம், அதை வாங்குங்கள். சமையலறைத் தராசு போதும்.

பளபளப்பான பூச்சு வியர்வையில் வழுக்கும். பிடிமானத்துக்காகக் கையில் பசை தடவவோ கையுறை போடவோ விதி விடாது. பேட்டன் வழவழப்பாக இருக்க வேண்டும் என்பதால் டேப் சுற்றியும் தப்பிக்க முடியாது. மங்கலான பூச்சே மேல். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் உலர்ந்த துணியால் துடைத்தால் சரி.

கீழிருந்து மேலாகக் கொடுத்துப் பழகும் அணி 30 செ.மீ. பேட்டனையே கேட்டு வாங்க வேண்டும். 2016 ரியோ ஒலிம்பிக்கின் 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் (நால்வர், ஆளுக்கு 100 மீட்டர்) ஜப்பான் ஆண்கள் 37.60 விநாடியில் வெள்ளி வென்றது இந்த முறையில்தான். இதில் பேட்டனைப் பெறும் ஓட்டக்காரர் கொடுப்பவரின் கைக்கு மேலே பிடிப்பதால், ஒவ்வொரு மாற்றத்திலும் முன்பக்கம் மிச்சமிருக்கும் நீளம் குறையும். மூன்றாவது மாற்றத்தில் பிடிக்க இடம் மிகக் குறைவாகவே இருக்கும். அந்த நேரத்தில் இரண்டு செ.மீ. பெரிய விஷயம்.

கைக்காசு குறைவென்றால் 40 மி.மீ. பிவிசி குழாயை 29 செ.மீ. அறுத்து, முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, பளிச்சென்ற நிறம் அடியுங்கள். பயிற்சிக்குப் போதும்.

4x400 மீட்டர் மட்டும் ஓடுபவர்களுக்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டாம். அங்கே பேட்டனைப் பெறுபவர் திரும்பிப் பார்த்தே பெறுகிறார். விளிம்பு மட்டும் சரியாக இருந்தால் எடுத்துவிடலாம்.