பல்லைக் கடித்து முடிப்பதா, பாதியில் மூடுவதா?

முன்னாள் அமைச்சர் ஒருவரின் நினைவுக் குறிப்புகள், 600 பக்கத்துக்கு மேல். 143-ஆம் பக்கத்தில் நிற்கிறேன். மனுஷர் இதுவரை ஒரு தவறுகூடச் செய்யவில்லை.

முழுசாகப் படித்து முடிக்கலாம். அதற்கு ‘காசு கொடுத்து வாங்கியாச்சே’ என்பது காரணமே இல்லை; மூடினாலும் அந்தக் காசு வராது. உருப்படியான விஷயம் பின்னால் வரலாம் என்பதுதான் நியாயமான காரணம். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஹென்றி கிஸ்ஸிஞ்சர் 1979-ல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளின் முதல் தொகுதி, நான்கே ஆண்டுகளுக்குச் சுமார் 1,500 பக்கம். தற்பெருமைக்கும் பஞ்சமில்லை. ஆனால் 1971 ஜூலையில், வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு பாகிஸ்தானிலிருந்து ரகசியமாக பெய்ஜிங் போன கதையைப் போனவர் வாயாலேயே கேட்க அதைத்தான் திறந்தாக வேண்டும். சரி, அதற்காக 1,500 பக்கமுமா?

அரசியல் எதிரி எழுதிய புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். சுவாரஸ்யம்தான், ஒரே கூட்டத்தில் இருவருமே தனியாளாக நாட்டைக் காப்பாற்றியிருப்பார்கள். ஆனால் ஒன்றுக்கே பொறுமை இல்லாதவன் இரண்டுக்கு எங்கே போவது?

நான் சொல்வது மூன்றாவது வழி: கடைசியில் இருக்கும் சொல்லடைவிலிருந்து, அதாவது எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியலிலிருந்து, ஆரம்பிப்பது. சறுக்கிய விவகாரங்களுக்கு எத்தனை பக்கம் என்று முதலில் பாருங்கள். அந்தப் பக்கங்களில் வினைச்சொற்களைக் கவனியுங்கள். நல்லது நடந்தால் ‘முடிவெடுத்தேன்’, கெட்டது நடந்தால் ‘முடிவெடுக்கப்பட்டது’. செயப்பாட்டு வினைக்கு இவ்வளவு வேலை வேறெங்கும் இல்லை.

ஏதாவது விஷயம் விடுபட்டாலே சுயபுராணம் என்று முடிவுகட்டவும் கூடாது. எட்டு ஆண்டுகள் அமெரிக்க அதிபராக இருந்த போர்த் தளபதி கிராண்ட், 1885-ல் தொண்டைப் புற்றுநோயோடு எழுதி முடித்த நினைவுக் குறிப்புகளில் அதிபர் பதவிக் காலத்தை ஏறக்குறைய தொடவே இல்லை. போர்க்களக் கதைதான், அதுவும் அலட்டல் இல்லாமல். வியட்நாம் போரை நடத்திய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா 1968-ல் பதவியை விட்டுப் போனவர். தாங்கள் செய்தது பெரும் தவறு என்று 1995-ல்தான் புத்தகமாக எழுதினார். ரொம்பத் தாமதம் என்று திட்டியவர்கள் உண்டு, எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் அதைப் பாதியில் மூட மனம் வராது. ஒருவர் தன்னையே குறுக்கு விசாரணை செய்யும்போது எழுந்து போவது கஷ்டம்.

நம்மவர் அந்த ரகமா? 143-லிருந்து நேரே சொல்லடைவுக்குத் தாவினேன். அவர் பதவி விலகக் காரணமான விவகாரத்துக்கு இரண்டு பக்கம். ‘சில தரப்பினரால் திரித்துக் கூறப்பட்டது’. ஒரு பாலத்தின் திறப்பு விழாவுக்குப் பதினொரு பக்கம், அப்புறம் நடுவில் வழவழ தாளில் நான்கு படங்கள். நான்கிலும் கத்தரிக்கோல் அவர் கையில்தான். மூடிவிட்டேன்.