அன்னபூர்ணா பேஸ் கேம்ப்: சித்திரை லீவிலா, நவம்பரிலா?

கொழும்பில் வேலை செய்கிறவர்களுக்குச் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது சித்திரைப் புத்தாண்டை ஒட்டித்தான், அதனால் நேபாளத்தின் அன்னபூர்ணா பேஸ் கேம்ப் மலைநடைக்கு வெள்ளவத்தை நண்பர்கள் இப்போதே ஏப்ரலில் நாள் பார்க்கிறார்கள். நான் இரண்டு பருவத்திலும் போய் வந்தவன், இனி நவம்பர்தான் என்று முடிவெடுத்துவிட்டேன், ஆகவே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஏப்ரலில் றோடோடென்ட்ரன் பூத்துக் காடே சிவந்து கிடக்கும், நம்ம ஹோர்ட்டன் சமவெளியில் பார்க்கிற அதே இனம்தான். நவம்பரில் வானம் துல்லியம், இரவில் குளிர் கொல்லும். செலவில் பெரிய வித்தியாசமில்லை. சரி, விஷயம் பனிச்சரிவு.

ஹிங்கு குகையில் இருந்து தேவ்ராலி தாண்டி மச்சபுச்சரே பேஸ் கேம்ப் வரை பாதை மோதி என்ற ஆற்றின் பள்ளத்தாக்கு அடியில் போகிறது. நடக்கிறவர் கண்ணுக்குப் படுவது பாறைச்சுவர் மட்டும்தான், அதற்கு மேலே ஹியுன்சுலி சிகரத்தின் சரிவுகளில் எவ்வளவு பனி தேங்கி நிற்கிறது என்று கீழிருந்து தெரியவே தெரியாது. ஏப்ரலில் அங்கே இருப்பது குளிர்காலம் முழுக்கச் சேர்ந்த பனி. வெயில் ஏற ஏற உருகிய தண்ணீர் அடுக்குகளுக்குள் இறங்கிப் பிடிப்பைத் தளர்த்தும், விடியற்காலையில் இறுகிக் கிடந்த அதே பனியை மத்தியானத்தில் நம்ப முடியாது. பாதையை மறித்துக் கிடந்த பழைய பனிச்சரிவுக் குவியல் ஒன்றைக் கடந்தோம்: அழுக்கு நிறம், நடுவே முறிந்த மூங்கிலும் கல்லும், சீமெந்து போல இறுகி ஊன்றுகோல் இறங்கவே இல்லை. வழிகாட்டி அங்கே படம் எடுக்க விடவில்லை, ஒருவர் கடந்து முடித்த பிறகுதான் அடுத்தவரை விட்டார்.

ஏறும்போது எல்லோரும் இருட்டோடு கிளம்பி இந்த இடத்தைக் கடந்துவிடுவார்கள். சிக்கல் இறங்கும்போதுதான். மேலே சூரிய உதயம் பார்த்து, படம் எடுத்து, காலைச் சாப்பாடும் முடித்துக் கிளம்பினால், தேவ்ராலிப் பக்கம் வந்து சேர்வது வெயில் நன்றாக ஏறிய நேரத்தில். ஏப்ரலில் போனால் அந்த உதயத்தைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கும் மனசு வேண்டும், எங்கள் கூட்டத்தில் அது யாருக்கு இருக்கிறது?

நவம்பரில் அந்தச் சரிவுகளில் குளிர்காலப் பனி இன்னும் சேர்ந்திருக்காது. அதற்காக ஆபத்தே இல்லை என்று இல்லை. 2014 அக்டோபரில் ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்து, இரண்டு நாளில் அன்னபூர்ணாவைச் சுற்றிவரும் இன்னொரு பாதையில் உள்ள தோரோங் கணவாய்ப் பக்கம் பனியைக் கொட்டி 40 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆனால் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவானால் கொழும்பில் இருக்கிற நமக்கே நாலைந்து நாள் முன்னால் தெரியும், பயணத்தைத் தள்ளலாம், கீழே தங்கலாம். ஏப்ரல் வெயிலுக்கு யாரும் முன்னறிவிப்புத் தருவதில்லை, அது தினமும் வருகிறது. எனக்கு நவம்பர் பக்கம் தராசு சாய்ந்தது இதனால்தான்.

ஜனவரி, பெப்ரவரியில் நான் போனதில்லை. 2020 ஜனவரியில் தேவ்ராலிக்கு அருகே தென்கொரியர் 4 பேரும் நேபாளிகள் 3 பேரும் பனிச்சரிவில் இறந்ததை வைத்து, அந்த மாதங்களை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

சித்திரை லீவு மட்டும்தான் கிடைக்கும் என்றால், புதுப்பனி விழுந்த அடுத்த ஒன்றிரண்டு நாள் லொட்ஜிலேயே இருங்கள், கையில் இரண்டு உபரி நாள் வையுங்கள். ஆற்றின் எதிர்க்கரையில் மாற்றுப் பாதை திறந்திருக்கிறதா என்று ஹிங்கு குகைக்கு முன்னால் வரும் ஹிமாலயா லொட்ஜில் கேட்டுவிட்டு மேலே ஏறுங்கள்.