ஃபோர்க் போட்டால் இயங்குதளம் தேயுமா, தேறுமா? ஓபன்பிஎஸ்டி, டெவுவன், ஆண்ட்ராய்டு

ஒரு மென்பொருளின் நிரலை நகலெடுத்துத் தனித் திட்டமாகப் பிரித்துக்கொண்டு போவதுதான் ஃபோர்க். ஃபோர்க் என்றாலே ஆள்பலம் சிதறும், ஒரே வேலையை இரண்டு பேர் செய்வார்கள் என்ற புகார் வந்துவிடும். பாதி உண்மைதான். பிரிந்தவர்களின் பேட்ச் (நிரல் திருத்தம்) தாய்த் திட்டத்துக்குத் திரும்புகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1995-இல் நெட்பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகை இயங்குதளத்திலிருந்து ஓபன்பிஎஸ்டியைத் தியோ டி ராட் பிரித்ததற்குக் காரணம் முதன்மைக் குழுவோடு வந்த சண்டை. ஆனால் நிரலை வரிவரியாகத் தணிக்கை செய்யும் பழக்கம் அங்கேதான் வேரூன்றியது. 1999-இல் அங்கிருந்து வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலைநுழைவுக் கருவியை நெட்பிஎஸ்டியே சேர்த்துக்கொண்டது. நஷ்டம் டிரைவர்களில், அதாவது வன்பொருளை இயக்கும் நிரல்களில்: ஒரு நெட்வொர்க் கார்டு டிரைவரை ஒவ்வொரு பிஎஸ்டிக்கும் தனித்தனியே போர்ட் செய்தாக வேண்டும், அதாவது பொருந்தும்படி மாற்றியெழுத வேண்டும்.

கணினி தொடங்கும்போது சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி வேண்டாம் என்று 2014-இல் டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பை விட்டுக் கிளம்பிய டெவுவன், முழுச் சுமையைத் தூக்கவில்லை. ஆம்ப்ரோல்லா என்ற கருவி டெபியன் களஞ்சியத்தையும் டெவுவன் மாற்றிய மென்பொருள் பொதிகளையும் ஒன்றாக இணைக்கிறது. இரண்டிலும் இருக்கும் பொதிக்கு டெவுவன் பதிப்பே முன்னுரிமை. சின்னக் குழுவுக்கு இது கட்டுப்படியாகும். ஆனால் ஏதாவது ஒரு டெஸ்க்டாப் சிஸ்டம்டியின் பயனர் உள்நுழைவைக் கவனிக்கும் லாகின்டியைக் கேட்டால், ஈலாகின்டி போன்ற மாற்றைப் பொருத்தியே தீர வேண்டும்.

மோசமாக அடிவாங்கியது லினக்ஸிலிருந்து கிளைத்த ஆண்ட்ராய்டு கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையக்கரு. போன் உறங்காமல் தடுக்கும் வேக்லாக் வசதி பற்றிய தகராறில் அதன் டிரைவர்கள் 2010-இல் லினக்ஸ் 2.6.33-லிருந்து நீக்கப்பட்டன, 2012-இல் 3.3-இல்தான் திரும்பின. அதற்குள் கிளைக்குள் கிளை முளைத்துவிட்டது: எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுள்ள லினக்ஸ்) கெர்னல், கூகுளின் பொதுக் கெர்னல், சிப் நிறுவனக் கெர்னல், போன் கெர்னல். பாதுகாப்புத் திருத்தம் நான்கு படியும் இறங்க வேண்டும். நடுவில் யாராவது அதே கோப்பைத் திருத்தியிருந்தால் செர்ரி-பிக் (ஒரு திருத்தத்தை மட்டும் எடுத்துத் தன் கிளையில் ஒட்டுவது) மோதும், கையால் சரிசெய்ய வேண்டும். பழைய போன்களுக்குத் திருத்தமே போய்ச் சேராது. ஆண்ட்ராய்டு 12-இல் 5.10 கெர்னலோடு அறிமுகமான போன்களுக்கு ஜிகேஐ (ஜெனரிக் கெர்னல் இமேஜ்) கட்டாயமானது இதனால்தான்: நடுக் கெர்னல் பொது, சிப் நிறுவனத்தின் நிரல் தனி மாட்யூல்.

ஃபோர்க் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கிட் என்ற நிரல்-வரலாற்றுக் கருவியின் 'கிட் செர்ரி' கட்டளையை ஓட்டிப் பார்க்கலாம். தாய்க்கிளையில் இல்லாத கமிட்டுகள் (பதிவான மாற்றங்கள்) கூட்டல் குறியோடு வரும். அந்தப் பட்டியல் வெளியீட்டுக்கு வெளியீடு நீண்டால் ஃபோர்க் தனித்தீவாகிறது. ஒரு சிக்கல்: மோதலைக் கையால் தீர்த்த பேட்ச், தாய்க்கிளையில் இருந்தாலும் கூட்டல் குறியோடே வரும், ஏனென்றால் ஒப்பீடு டிஃப்பை (மாறிய வரிகளை) வைத்து நடக்கிறது. செர்ரி-பிக் செய்யும்போதே '-எக்ஸ்' (-x) கொடுத்துவிட்டால் மூலக் கமிட் எண் செய்தியில் பதிவாகிவிடும், தேடிப் பிடிக்கலாம்.