பரம்பரை நிலத்தில் முதல் தேடலுக்கு: காரெட் ஏஸ் 300

தலைமுறைகளாக உழுத குடும்ப நிலத்தில் உலோகம் தேடத் தொடங்குவோருக்கு இந்த டிடெக்டரை மனமாரப் பரிந்துரைக்கிறேன். 8 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் இது, மண்ணுக்குள் இருப்பதை 0 முதல் 99 வரையிலான எண்ணாகத் திரையில் காட்டுகிறது. லாட ஆணி குறைந்த எண்ணையும் வெள்ளிக்காசு உயர்ந்த எண்ணையும் தரும். ஆனால், பழைய வயலில் கிடப்பது பெரும்பாலும் உடைந்த கொழுமுனையும் கம்பித்துண்டுமே என்பதாலும், பெரிய தட்டையான இரும்பு சில வேளைகளில் நல்ல உலோகத்தைப் போலவே ஒலிக்கும் என்பதாலும், எண்ணை மட்டும் நம்பாமல், நின்ற இடத்திலிருந்து கால்வட்டம் திரும்பி டிடெக்டரை மறுபடியும் தரைக்கு மேலே பக்கவாட்டில் வீசிப் பார்க்க வேண்டும். இரு திசையிலும் ஒரே எண் நிலைத்தால் தயங்காமல் தோண்டலாம். துல்லியமாக இடம் காட்டும் பொத்தான் இருப்பதால் குழி சிறிதாகவே அமைகிறது, பயிர்நிலத்தில் இது பெரிய நன்மை. தரையை ஒட்டி அசையும் அடிப்பகுதியான தேடுசுருள் நனையலாம், திரை உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி நனையக் கூடாது. சொந்த நிலமே ஆனாலும், புதையல் குறித்த சட்டத்தை முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள்.