'மதர்': ஒரே கதை, ஜப்பானுக்கு 11 எபிசோட், கொரியாவுக்கு 16

ஜே-டிராமா (ஜப்பானியத் தொடர்) ரசிகரும் கே-டிராமா (கொரியத் தொடர்) ரசிகரும் ஒரே இடத்தில் பேச ஆரம்பித்தால் சண்டை வர ரொம்ப நேரம் ஆகாது. "உங்க ஆளுங்க மனசுல இருக்கறத வாயத் திறந்து சொல்லவே மாட்டாங்க, என்னனு புரியறதுக்குள்ள தொடரே முடிஞ்சிடும்" என்பார் கொரியா ரசிகர். "உங்க ஆளுங்க பாதிக்கு மேல கதையே இல்லாம அழுதே ஓட்டுவாங்க" என்பார் ஜப்பான் ரசிகர். இப்படிப் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் விடியவே விடியாது. இரண்டு நாட்டுக்காரர்களும் எடுத்த ஒரே கதையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் யாருக்கு எது ஒட்டுகிறது என்று தெரியும். அதற்கு 'மதர்' போல வசதியான ஜோடி வேறு இல்லை என்பது என் கட்சி.

மூலம் ஜப்பான். 2010-இல் நிப்பான் டிவியில் வந்தது, எழுதியவர் சகாமோட்டோ யூஜி. 2018-இல் கொரியாவின் டிவிஎன் சேனல் அதை ரீமேக் செய்தது, எழுதியவர் ஜங் சியோ-கியோங், இயக்கியவர் கிம் சோல்-கியூ. பறவைகளை ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண், வேலை போய் பள்ளியில் தற்காலிக ஆசிரியை ஆகிறாள். குழந்தைகள் மேல் அவளுக்குப் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. வகுப்பில் ஒரு சிறுமி வீட்டில் அடியும் உதையும் வாங்குவது தெரிகிறது. ஒருநாள் குளிரில் அந்தச் சிறுமியைக் குப்பைப் பையில் கட்டி வாசலில் போட்டிருக்கிறார்கள். ஆசிரியை பையைக் கிழித்து எடுக்கிறாள், அப்புறம் அவளைக் கடத்திக்கொண்டு போய்த் தன் மகளாக வளர்க்கத் தீர்மானிக்கிறாள். சட்டப்படி பார்த்தால் குற்றவாளி அவள்தான். மிச்சம் எல்லாம் ஓட்டமும் ஒளிவும்.

முதல் எபிசோடிலேயே இரண்டு ரசனையும் பிரிகிற இடம் வந்துவிடுகிறது. ஜப்பான் பதிப்பில் அந்தச் சிறுமி ஒரு நோட்டில் தனக்குப் பிடித்தவற்றை எழுதி வைத்திருக்கிறாள். சுற்றுகிற நாற்காலி, வளைந்து போகிற சரிவுப் பாதை, கிரீம் சோடா என்று போகும் அந்தப் பட்டியல். அதில் அவளுடைய கஷ்டம் ஒரு வரி கூட இல்லை. பிடிக்காததைப் பற்றிப் பேசக்கூடாது, பிடித்ததை மட்டும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவளாக வைத்துக்கொண்ட விதி. அந்தச் சிறுமியாக நடித்த அஷிதா மனா அப்போது ஐந்து வயதுக் குழந்தை, நம்பவே முடியாது. அழுகிற காட்சிகளைவிட அந்தப் பட்டியலைச் சிரித்துக்கொண்டே ஒப்பிக்கிற காட்சியில்தான் நமக்குத் தொண்டை அடைக்கிறது. அப்படிப் பிடித்ததை மட்டுமே பேசுகிற பிள்ளை, கடற்கரையில் பறந்து போகிற பறவைகளைப் பார்த்து என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கத்துகிறதே, அந்த ஓர் இடத்துக்காகத்தான் அதுவரை அத்தனை அடக்கமாக வைத்திருந்தார்கள் என்று அப்போது புரியும்.

கொரியப் பதிப்பிலும் பட்டியல் உண்டு, பறவைகளும் உண்டு. இங்கே சிறுமியாக வரும் ஹியோ யூலும் லேசுப்பட்ட குழந்தை இல்லை, கொரியாவின் பெரிய திரை விருதான பேக்சாங்கில் 2018-இல் சின்னத்திரையின் சிறந்த புதுமுக நடிகை விருதை வளர்ந்த நடிகைகளை எல்லாம் தாண்டி வாங்கினாள். ஆனால் இங்கே இசை முன்னாலேயே வந்து நின்றுவிடும், கேமரா முகத்தை விட்டு நகராது. ஜப்பான்காரர்கள் தூரத்தில் நின்று பார்க்க விடுகிற இடத்தில் கொரியாக்காரர்கள் கையைப் பிடித்துக் கிட்டே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். இதைக் குறை என்று சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து உட்காருகிறவருக்கு அந்தக் கைப்பிடி வேண்டியிருக்கலாம்.

நீளத்துக்கு வருவோம், பாதிச் சண்டை அதில்தான். ஜப்பானில் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வருடத்துக்கு நாலு முறை புதுத் தொடர்கள் தொடங்கும். வாரம் ஓர் எபிசோட், விளம்பரம் போக முக்கால் மணி நேரம், பத்துப் பதினொன்றில் கடையைக் கட்டிவிட வேண்டும். கொரியாவில் வாரம் இரண்டு எபிசோட், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்தைத் தாண்டும், பதினாறு என்பது அப்போது வழக்கமான கணக்கு. ஆக அதே கதைக்குக் கொரியாவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம். அந்தக் கூடுதல் நேரத்தை எங்கே செலவழித்தார்கள் என்று பார்த்தால் ஓர் இடத்தில் லாபம், ஓர் இடத்தில் நஷ்டம்.

லாபம் லீ ஹை-யோங். கதாநாயகியை வளர்த்த அம்மாவாக வருகிறார். ஜப்பான் பதிப்பில் தகாஹாதா அட்சுகோ செய்த அந்தப் பாத்திரம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கொரியாவில் அவளைப் புகழ்பெற்ற நடிகையாக மாற்றி, நோயையும் கர்வத்தையும் கொடுத்து, பெறாத மகளை விட்டுக் கொடுக்க முடியாமல் தவிக்கிற ஒரு முழு மனுஷியாக்கிவிட்டார்கள். அவர் வருகிற காட்சியில் மற்றவர்கள் எல்லாம் கொஞ்சம் மங்கித்தான் தெரிகிறார்கள். கொரியப் பதிப்பை ஒரேயடியாக ஒதுக்குகிற ஜே-டிராமா தோழர்கள் இவருக்காகவாவது பார்க்க வேண்டும். (கதாநாயகியைப் பெற்ற அம்மா விஷயத்தில் மட்டும் ஜப்பானை அசைக்க முடியாது. 1983-இல் 'ஓஷின்' என்கிற புகழ்பெற்ற ஜப்பானியத் தொடரில் ஓஷினாக வந்த தனாகா யூகோ அந்தப் பாத்திரத்தில் இருக்கிறார், சும்மா நின்றாலே போதும்.)

நஷ்டம் வில்லன். சிறுமியின் அம்மாவோடு இருக்கிற ஆண், ஜப்பானில் அயானோ கோ, கொரியாவில் சோன் சுக்-கு. ஜப்பான் தொடருக்கு அந்த ஆள்மேல் பெரிய அக்கறை இல்லை, அவன் கொடுமைக்காரன், அவ்வளவுதான். அதற்குப் பதில் அந்த அம்மா எப்படி இப்படி ஆனாள் என்று கேட்கிறது. அந்த அம்மாவாக வரும் ஓனோ மச்சிகோவின் பழைய நாட்கள் வருகிற எபிசோடைப் பாருங்கள். மகளைக் கொஞ்சிக் குலாவி வளர்த்த ஒரு சின்னப் பெண், தனியாக, துணை இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்குகிறாள். மன்னிக்கவும் முடியாது, வெறுத்துத் தள்ளவும் முடியாது. கொரியாவில் அந்த ஆணுக்குப் பெரிய முன்கதை, கடத்தல், மிரட்டல், துரத்தல். சோன் சுக்-கு மிரட்டியிருக்கிறார், சந்தேகமே இல்லை, ஆனால் அந்த எபிசோடுகள் வேறு ஏதோ த்ரில்லரிலிருந்து வெட்டி ஒட்டியது போல இருக்கின்றன. இந்த இடத்தில் "இழுக்கிறார்கள்" என்கிற குற்றச்சாட்டுக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் ஜப்பான் என்றாலே அடக்கம், கொரியா என்றாலே ஆர்ப்பாட்டம் என்று சட்டம் போட்டுவிடாதீர்கள். 2006-இல் வந்த ஜப்பானியத் தொடர் 'நோடாமே காண்டாபிலே' முழுக்கக் கார்ட்டூன்தனம், கதாநாயகி ஊவெனோ ஜூரி அடிக்கிற கூத்து அப்படி. அதையே 2014-இல் கொரியாவின் கேபிஎஸ் சேனல் எடுத்தபோது அந்தக் கிறுக்குத்தனம் கைகூடவே இல்லை.

இனி முடிவு. ஸ்பாய்லர் வேண்டாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். ஜப்பான் பதிப்பில் தாயான ஆசிரியையும் மகளும் பிரிகிறார்கள். இருபது வயதில் திறந்து படி என்று ஒரு கடிதம் மகள் கையில் கொடுக்கப்படுகிறது. கொரியாவில் சில வருடம் பிரித்து வைத்துவிட்டுப் பிறகு சட்டப்படி தத்தெடுக்க வைத்துச் சேர்த்துவிடுகிறார்கள். ரசிகர்கள் அதிகம் முட்டிக்கொள்வது இதில்தான். ஜப்பான் முடிவு கொடூரம் என்கிறவர்களிடம் நான் வாதாட மாட்டேன், பதினாறு எபிசோட் கூட நடந்தவர்களுக்கு அந்தப் பிள்ளை ஒரு வீட்டில் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்க்கிற உரிமை இருக்கிறது. ஆனாலும் என் ஓட்டு கடிதத்துக்கே. சட்டம் குறுக்கே நிற்கிற கதையில் சட்டமே வந்து கைகூப்பி வழிவிடுவது எனக்குக் கொஞ்சம் சுலபமாகப் படுகிறது. கொரியப் பதிப்பு 2018 பேக்சாங்கில் சிறந்த தொடர் விருது வாங்கியது, பிரான்சின் கான் நகரில் நடந்த முதல் கேன்சீரிஸ் தொடர் விழாவில் போட்டியிலும் இருந்தது, ஆகவே என் ஓட்டு விழாததால் அவர்களுக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

எதை முதலில் பார்ப்பது? கே-டிராமா பழகினவர் என்றால் கொரியாவிலேயே ஆரம்பியுங்கள், ஜப்பான் பதிப்பின் மௌனம் முதல் இரண்டு எபிசோடில் உங்களை விரட்டிவிடும். கதை தெரிந்த பிறகு அதே மௌனத்தில் என்ன ஓடுகிறது என்று புரியும். ஜே-டிராமா ஆள் என்றால் ஜப்பான் முதலில், அப்புறம் சில மாதம் இடைவெளி விட்டுக் கொரியா. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள், குழந்தைகள் அடிவாங்குவதை இத்தனை மணி நேரம் தொடர்ந்து பார்க்க எந்த மனசும் தாங்காது. அதெல்லாம் போதாது, இன்னும் நீளமாக அழ வேண்டும் என்கிறவர்களுக்காகத் துருக்கிக்காரர்கள் 2016-லேயே 'அன்னே' என்று இதை எடுத்து வைத்திருக்கிறார்கள்.