டிவிடியில் தரமான காணொளி: ஒரே மென்பொருளா, படிப்படியாகப் பிரித்துச் செய்வதா?

டிவிடியில் எழுதிய காணொளி தொலைக்காட்சியில் கட்டங்கட்டமாகச் சிதறித் தெரிந்தால், பழி பெரும்பாலும் வட்டின் மேலோ அதை எழுதிய கருவியின் மேலோ விழுகிறது. எழுதும் கருவியோ, தன்னிடம் வந்த பிட்டுகளை அப்படியே பதிக்கிறதே ஒழிய, படத்தின் தரத்தைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. மூலக் காணொளியை டிவிடிக்குரிய சுருக்க வடிவமான எம்பெக்-2க்கு மாற்றும் குறியாக்கத்திலேயே தரம் முடிவாகிவிடுவதால், அந்தக் குறியாக்கத்தின் மீது நமக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பதை வைத்தே வழிகளை ஒப்பிட வேண்டும்.

முதல் வழியில், டிவிடி ஸ்டைலர், டிவிடி ஃபிளிக் போன்ற ஒரே மென்பொருள் குறியாக்கம், மெனு, எழுதுதல் ஆகிய மூன்றையும் பார்த்துக்கொள்கிறது. விண்டோஸ் விஸ்டாவிலும் விண்டோஸ் 7இலும் இருந்த விண்டோஸ் டிவிடி மேக்கரும் இந்த வகைதான். இரண்டாம் வழியில், எஃப்எஃப்எம்பெக் கொண்டு குறியாக்கம் செய்து, டிவிடி ஆத்தர் கொண்டு வட்டின் கட்டமைப்பை உருவாக்கி, இம்ஜ்பர்ன் அல்லது கே3பி கொண்டு எழுதுகிறோம். முதலாவது எளிது, இரண்டாவது பொறுமையைக் கேட்கிறது.

எது வேண்டும் என்பதைக் காணொளியின் நீளமே பெரும்பாலும் தீர்மானித்துவிடும். ஒற்றை அடுக்கு வட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி (விண்டோஸ் இதையே 4.38 என்று காட்டும்). டிவிடி தரநிலை படத்துக்கு அனுமதிக்கும் உச்ச பிட் வீதம், அதாவது ஒரு நொடிக் காணொளிக்குச் செலவாகும் தரவின் அளவு, நொடிக்கு 9.8 மெகாபிட். ஒரு மணி நேரக் காணொளி என்றால் 8 மெகாபிட் வரை தாராளமாகக் கொடுக்கலாம். அந்த அளவில் இரண்டு வழிகளுக்கும் இடையே கண்ணுக்குப் புலப்படும் வேறுபாடு அரிது. இரண்டு மணி நேரம் ஆகும்போதோ ஒலியையும் சேர்த்தே ஏறத்தாழ 5 மெகாபிட்தான் கிடைக்கும். அங்கேதான் மாறும் பிட் வீதத்தில் இருமுறை குறியாக்கம் செய்வதன் அருமை தெரிகிறது. முதல் சுற்றில் எந்தக் காட்சி எவ்வளவு சிக்கலானது என்று அளந்துகொண்டு, இரண்டாம் சுற்றில் அசையாத காட்சிகளில் மிச்சம் பிடித்த பிட்டுகளை ஓட்டமும் ஆட்டமும் நிறைந்த காட்சிகளுக்குக் கொடுக்கிறது அது. ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்குவதற்கு ஒரே மென்பொருள் போதும். அதற்கு மேற்பட்டதற்குப் பிரித்துச் செய்வதே நல்லது என்பது என் கருத்து.

ஒவ்வொரு சட்டகமும் ஒன்றுவிட்ட வரிகள் கொண்ட இரண்டு புலங்களாகப் பதிவாகும் பின்னல் முறைக் (interlaced) காணொளிக்கு மட்டும், நீளம் எதுவாயினும் இரண்டாம் வழியையே பரிந்துரைப்பேன். பழைய டிவி (DV) வகை எண்ம வீடியோ கேமராப் பதிவுகளில் கீழ்ப்புலம் முதலில் வரும். பின்னல் முறையிலான உயர்தெளிவுப் பதிவுகளில் மேற்புலம் முதலில் வரும். இந்த வரிசையை மாற்றிக் குறியாக்கினால் அசைவுகள் முன்னும் பின்னுமாகத் துடிக்கும். கணினித் திரையில் இது கவனத்துக்கு வராமல் போகவும் கூடும். தானே ஊகித்து முடிவெடுக்கும் மென்பொருளைவிட, வரிசையை நாமே குறிப்பிடும் வழி பாதுகாப்பானது. நொடிக்கு 25 சட்டகங்கள் கொண்ட மூலத்தை 29.97க்கு மாற்றாமல் பால் (PAL) தொலைக்காட்சி முறையிலேயே விட்டுவிடுவதும் இதே காரணத்தால் நன்று.

ஒலியில் தயங்க எதுவும் இல்லை. சுருக்கப்படாத பிசிஎம் ஒலி இரண்டு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1.4 ஜிபியை விழுங்கிவிடும். நொடிக்கு 192 கிலோபிட்டாகச் சுருக்கிய ஏசி-3 ஒலிக்கு 175 எம்பிகூட ஆகாது.

மூன்று மணி நேரக் காணொளியை 8.5 ஜிபி கொண்ட இரட்டை அடுக்கு வட்டில் எழுதலாம். ஆனால் சில பழைய பிளேயர்கள் அதைப் படிக்க மறுக்கும், அடுக்கு மாறும் இடத்தில் படம் ஒரு கணம் நிற்கவும் கூடும். இரண்டு ஒற்றை அடுக்கு வட்டுகளாகப் பிரிப்பதையே நான் விரும்புவேன். ஒரே வட்டில்தான் வேண்டும் என்போர், 720×576க்குப் பதிலாக 352×576 அளவில் குறியாக்கினால் படம் சற்று மென்மையாகுமே தவிர, கட்டங்களாக உடைவது வெகுவாகக் குறையும்.

பிரித்துச் செய்வதில் இன்னொரு வசதி, எழுதுவதற்கு முன்பே வட்டில் பதியவிருக்கும் கோப்புகள் அடங்கிய வீடியோ டிஎஸ் (VIDEO_TS) கோப்புறையை விஎல்சி பிளேயரில் ஓட்டிப் பார்க்க முடிவதும், மறு பிரதி வேண்டும்போது மீண்டும் குறியாக்கத் தேவையில்லாததும் ஆகும். டிவிடி ஸ்டைலரிலும் உடனே எழுதாமல் முழு வட்டின் நகலான ஐஎஸ்ஓ கோப்பாகச் சேமிக்கும் தெரிவு உண்டு. முதல் வழியை நாடுபவர்கள் அதையாவது பயன்படுத்தி, பின்னர் 16 மடங்கு வேகம் வரை தாங்கும் வட்டை 8 மடங்கு வேகத்தில் எழுதி, சரிபார்ப்பையும் முடித்துக்கொள்வது நல்லது.